காதலும் உயரமும்

திருமண விளம்பரங்களைப் படிப்போர் ஒன்றைக் கவனித்திருப்பர். வயது, கல்வி, தொழில் ஆகியவற்றை அடுத்து அங்குலக் கணக்கு வந்துவிடும். மணமகன் இத்தனை அடி. மணமகள் அவனினும் சற்றுக் குறைந்திருத்தல் நலம். எழுதுவோர் காரணம் கூறுவதில்லை, படிப்போரும் கேட்பதில்லை. வளர்ச்சி நின்றபின் முயற்சியால் கூட்டவோ குறைக்கவோ இயலாத ஓர் அளவினால், ஒருவர் நேரில் காணப்படுமுன்னரே விலக்கப்படுகிறார். அவ்வழக்கத்தின் வேர் யாதென ஆராய்தல் தகும்.

முதற்கண் எளிய கணக்கு ஒன்றைக் காண்போம். பெரும்பாலான நாடுகளில் ஆடவரின் சராசரி உயரம் பெண்டிரினும் ஏறத்தாழ 12 அல்லது 13 சென்டிமீட்டர் மிகுதி. ஆகவே, கண்ணைக் கட்டிக்கொண்டு ஆணையும் பெண்ணையும் இணைத்தாலுங்கூட, பத்தில் ஒன்பது இணைகளில் ஆணே உயர்ந்து நிற்பான். தெருவில் காணும் தம்பதியரெல்லாம் உயரம் பார்த்தே ஒன்று கூடினர் என்று கருதுவது பிழை. உண்மையில் அறிய வேண்டுவது, தற்செயலுக்கு மேலாக விருப்பம் எவ்வளவு சேர்க்கிறது என்பதே.

இங்கேதான் ஆராய்ச்சிகள் வேறுபடுகின்றன. 1980 இல் வெளியான ஒன்று, வங்கி விண்ணப்பங்களிற் கண்ட 720 தம்பதியரை எடுத்துக்கொண்டது. மனைவி உயர்ந்திருந்த இணை ஒன்றே ஒன்று! தற்செயலாயின் நூற்றுக்கு இரண்டேனும் இருந்திருக்க வேண்டும். 2013 இல் பிரிட்டனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெற்றோரை ஆராய்ந்தபோது 92.5 விழுக்காட்டினரிடையே கணவனே உயர்ந்தவன். தற்செயலில் எதிர்பார்க்கத்தக்கது 89.8. வேறுபாடு உண்டு, ஆனால் சிறிது. உயர்ந்தவனே வேண்டும் என வாய் கூறுமளவுக்குக் கை தெரிந்தெடுப்பதில்லை போலும்.

தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களிடம் அச்சிறு வேறுபாடும் இல்லை. அவர்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டு மணங்களில் மனைவியே உயர்ந்தவள் என 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. அது தற்செயலில் வரும் அளவே. துணையிடம் வேண்டும் பண்புகளைக் கேட்டபோதும் அவர்கள் உயரத்தைப் பெரும்பாலும் சொல்லவேயில்லை. குழந்தைப் பருவத்து நல்லுணவும் நோயின்மையும் உயரத்தில் வெளிப்படும். ஆதலின் அதனை விரும்புவது இயற்கை என்பார் கூற்று ஒரு பகுதி உண்மையே. ஆயினும் அவ்வியற்கை எல்லா மக்களிடமும் ஒன்றுபோல் இயங்கவில்லையே! எனவே, அதனோடு வழக்கமும் ஊரார் பார்வையும் கலந்துள்ளன எனல் வேண்டும்.

ஊரார் பார்வைக்கு ஓர் அஞ்சல் தலையே சான்று. இளவரசர் சார்லசும் டயானாவும் ஏறத்தாழ ஒரே உயரத்தினர். 1981 இல் அவர்தம் திருமணத்துக்காகப் பிரிட்டன் வெளியிட்ட தலையிலோ மணமகன் தெளிவாக உயர்ந்து நிற்கிறார்.

நம் இலக்கணம் இதுபற்றி யாது கூறுகிறது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியர்க்கு வேண்டிய ஒப்புமை பத்தினை வகுத்தார்: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. உருவு உண்டு, உயரம் தனியே இல்லை. உருவென்பது வடிவின் வனப்பு. அதனை அங்குலமாக்கியது பிற்காலம்.

உயரமும் உருவும் நேரே பேசப்படும் பாட்டு கலித்தொகையில் உள்ளது. மருதக்கலியில் 94 ஆம் பாடலின் காதலர் அரண்மனை ஏவலர் இருவர். ஒருவன் குறளன், மற்றொருத்தி கூனி. அவன் அவளை விரும்பி வழிமறிக்கிறான். அவள் இகழ்கிறாள்: ஆமையைத் தூக்கி நிறுத்தினாற்போல் நடக்கும் நீயோ என்னை விரும்புவது? அவனும் விடவில்லை; முன்னே தழுவினால் கூன் இடிக்கும், பின்னே தழுவினால் கூச்சம் தோன்றும், பக்கத்தில் வா என்கிறான். படிப்போர் நகைப்பர். ஆனால் நகைச்சுவை என்று மட்டும் மாணவர்க்குக் காட்டி அடுத்த பாடலுக்குச் செல்லுதல் இப்பாட்டுக்குப் போதாது. ஏனெனின், பின்னர் நிகழ்வதே உயிர்நாடி. இகழ்ச்சி ஓய்கிறது. இனி ஒருவரை ஒருவர் எள்ளுவதில்லை என அரசன் அடிமீது ஆணையிட்டு உடன்படுகின்றனர்.

அதன்பின் அவர்க்கு எஞ்சிய அச்சம் மூன்றாமவரின் நகைப்பு ஒன்றே. அரண்மனையுள் காண்போர், பேயும் பேயும் துள்ளுகின்றன என்று சிரிப்பார்களே! ஆதலால் சோலைக்குச் செல்லத் துணிகின்றனர். அங்கே அவர் தழுவுதற்குப் புலவர் காட்டும் உவமை, குற்றமற்ற அவையத்தார் தம் ஓலையைக் கட்டிக் காப்பிட்டு வைப்பது.