பழைய கார் வாங்குவதும் ஒரு கொள்முதலே

சரக்குக் கொள்முதலில் நம் வணிகப் பெருமக்களை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால், மேல்வாயில் இருப்பதைப் பார்த்து விலை பேசுவதில்லை. மூட்டையின் நடுவில் குத்திக் கைநிறைய எடுத்து, ஈரம், சொத்தை, கல் எல்லாம் பார்த்த பிறகுதான் விலையைச் சொல்வோம். ஆனால் அதே வணிகர் மூன்று லட்சம் ரூபாய்க்குப் பழைய கார் வாங்கும்போது, பெயிண்ட் பளபளப்பையும் மீட்டரில் தெரியும் கிலோமீட்டரையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்.

பழைய காரில் பெயிண்டும் மீட்டரும்தான் மூட்டையின் மேல்வாய்ச் சரக்கு. எளிதில் மாற்றிவைக்கக் கூடியவை அவையே. விற்பவர் மறைக்க முடியாத இடங்கள் எவை, அந்தக் கார் நம் தொழிலுக்கு உண்மையில் பயன்படுமா, வாங்கிய பின் ஆகும் செலவு என்ன என்ற மூன்றையும் இக்கட்டுரையில் வரிசையாகப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு மாருதி வேகன்-ஆர் காரை வைத்துக்கொள்வோம். 1999ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் அறிமுகமான இந்தக் கார், உயரமான கூரையும் அகலமான பின்கதவும் கொண்டது. பழைய வண்டிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. உதிரிபாகமும் மெக்கானிக்கும் சிற்றூர்களில்கூட உண்டு. இங்கே சொல்லப்படும் சோதனைகள் ஆல்டோ, சான்ட்ரோ, ஐ-10, டியாகோ போன்ற மற்றச் சிறிய கார்களுக்கும் பொருந்தும்.

வேலை என்ன என்பதை முதலில் தீர்மானியுங்கள்

வசூலுக்குப் போக, மண்டிக்குப் போய்ச் சரக்குப் பார்த்து வர, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போக என்றால் சிறிய கார் மிகப் பொருத்தம். தினமும் மூட்டை ஏற்ற என்றால் பொருத்தமில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, எடை. இந்த அளவுக் கார் ஐந்து பேரையும் அவர்களது பெட்டிகளையும் சுமப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆளுக்கு 70 கிலோ வீதம் ஐந்து பேருக்கு 350 கிலோ. பெட்டிகளுக்கு 50 கிலோ. ஆக 400 கிலோ என்பதைப் பாதுகாப்பான எல்லையாக வைத்துக்கொள்ளலாம். வண்டியின் சரியான எல்லை கையேட்டில் இருக்கும். ஓட்டுபவரும் உதவியாளரும் 140 கிலோ என்றால், 26 கிலோ அரிசி மூட்டை பத்து ஏற்றியவுடன் கணக்கு முடிந்துவிடும். அந்த எடை முழுவதும் பின்பக்கம் சேரும்போது பின் ஸ்பிரிங் தாழும், பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், டயர் சூடாகும்.

இரண்டாவது, காப்பீடு. இதைப் பலர் கவனிப்பதில்லை. தனியார் கார் பாலிசியில் பயன்பாட்டு வரம்பு என்று ஒரு பகுதி உண்டு. வாடகைக்கு ஓட்டுவதற்கும், சரக்கு ஏற்றுவதற்கும் இந்தக் காப்பீடு பொருந்தாது என்று அதில் எழுதியிருக்கும். மாதிரிச் சரக்குக்கும் சொந்தப் பயணப் பெட்டிக்கும் மட்டுமே விலக்கு. விபத்து நடந்த நேரத்தில் வண்டி நிறைய எண்ணெய் டின்னும் சர்க்கரை மூட்டையும் இருந்தால், இழப்பீட்டை மறுத்து வழக்காடக் கம்பெனிக்கு இடம் கிடைத்துவிடும். பாலிசியை எடுத்து அந்தப் பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்கவும்.

எனவே தினசரிச் சரக்குக்குப் பழைய டாட்டா ஏஸ் போன்ற சிறிய சரக்கு வண்டியே முறையான வழி. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. தகுதிச் சான்று மட்டும் உரிய காலத்தில் புதுப்பிக்க வேண்டும்.

எந்த ஆண்டு வண்டி?

வேகன்-ஆரில் 2010 முதல் 2018 வரை வந்தது ஒரு வகை. 2019 ஜனவரியில் வந்தது அடுத்த வகை. முந்தைய வகையில் பின்பக்கப் பெட்டி இடம் 180 லிட்டர்தான். புதிய வகையில் 341 லிட்டர். கடைக்காரருக்கு இது பெரிய வித்தியாசம். கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்திய வண்டியில் சிலிண்டர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எரிபொருள் மிச்சம் வேண்டுமா, பெட்டி இடம் வேண்டுமா என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். சி.என்.ஜி. வண்டியானால் ஆர்.சி.யில் அது பதிவாகியுள்ளதா என்பதையும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிலிண்டர் சோதனை நடந்துள்ளதா என்பதையும் பார்க்கவும்.

2010க்குப் பிறகு வந்த 998 சி.சி. எஞ்சினில் டைமிங் செயின் உள்ளது. பழைய சான்ட்ரோ, 796 சி.சி. ஆல்டோ போன்றவற்றில் இருப்பது டைமிங் பெல்ட். பெல்ட் உள்ள வண்டியில் அது எப்போது மாற்றப்பட்டது என்று பில்லோடு கேட்கவும். ஓடும்போது பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்கே சேதம் வரலாம்.

பாதுகாப்பிலும் 2019 ஒரு எல்லைக்கோடு. ஏ.பி.எஸ். பிரேக்கும் ஓட்டுநருக்கான ஏர்பேக்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது அந்த ஆண்டில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் அவை இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகளாவிய மோதல் சோதனையில் புதிய வகை வேகன்-ஆர் 2019இல் இரண்டு நட்சத்திரமும், விதிகள் கடுமையான பின் 2023இல் ஒரே நட்சத்திரமும்தான் பெற்றது. நான்குவழிச் சாலையில் நெடுந்தூரம் அடிக்கடி போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கம்பெனியே திரும்ப அழைத்துப் பழுது நீக்கிய வண்டிகளும் உண்டு. 2018 நவம்பர் 15 முதல் 2019 ஆகஸ்ட் 12 வரை தயாரான 1.0 லிட்டர் வேகன்-ஆர் 40,618 வண்டிகள் பெட்ரோல் குழாய் சோதனைக்காக 2019இல் அழைக்கப்பட்டன. 2020 ஜூலையில் பெட்ரோல் பம்புக்காக மேலும் 56,663 வண்டிகள் அழைக்கப்பட்டன. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்த வேலை முடிந்ததா என்பதை அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் சொல்லிவிடுவார்கள்.

மறைக்க முடியாத இடங்கள்

பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நேரத்தில், விற்பவர் வீட்டிலேயே போய்ப் பாருங்கள். கூடவே நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

1. குளிர்ந்த எஞ்சின்: போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலை வருவதாகச் சொல்லிவிடவும். குளிர்ந்த நிலையில் உடனே கிளம்ப வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் குளிர்நீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் உட்புறத்தில் மோர் போன்ற படிவு இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

2. டயர்: டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. 30,000 கி.மீ. மட்டுமே ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் டயர்கள் இரண்டாவது முறை மாற்றப்பட்டிருந்தால் மீட்டரை நம்ப வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அமைப்பில் கோளாறு இருக்கலாம்.

3. கால் படும் இடம்: கிளச், பிரேக் மிதியடி ரப்பர், ஸ்டியரிங், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவை மீட்டரைவிட உண்மை பேசும். அங்கீகரிக்கப்பட்ட பணிமனையில் சர்வீஸ் செய்த வண்டியானால், ஒவ்வொரு முறையும் எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்ற விவரம் அங்கே இருக்கும். உரிமையாளரை உடன்வைத்துக் கேட்டுப் பெறலாம்.

4. ஸ்டெப்னி பள்ளம்: பின்பக்க விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னியை வெளியே எடுத்துப் பாருங்கள். அடித்து நிமிர்த்திய தகடு, புது வெல்டிங், துரு ஆகியவை இங்கே தெரியும். கதவுகளுக்கும் பானெட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி இருபக்கமும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

5. வெள்ளத்தில் நின்ற வண்டி: 2015இல் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் எத்தனையோ வண்டிகள் நீரில் மூழ்கின. சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை இருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. இருக்கைக்கு அடியிலுள்ள திருகுகளில் துருவும், தரைவிரிப்பில் பூஞ்சை வாடையும் அதே கதையைச் சொல்லும்.

6. ஓட்டிப் பார்த்தல்: அரை மணி நேரம், ஏ.சி. போட்டு, நெரிசலிலும் நெடுஞ்சாலையிலும் ஓட்டுங்கள். நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால், எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளச் தேய்ந்துவிட்டது. பள்ளத்தில் இறங்கும்போது வரும் தட்டுச் சத்தம், பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுப்பது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளவும்.

7. பெட்ரோல் குழாய்: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025இல் நாடு முழுவதும் விற்பனைக்கு வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான பல வண்டிகள் அதற்காகவே வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே ரப்பர் குழாய்களில் வெடிப்பும் கசிவும் உள்ளதா என்று பாருங்கள். மைலேஜும் ஓரளவு குறையும் என்பதைக் கணக்கில் வைக்கவும்.

குறைவாக ஓடிய வண்டி எல்லாம் நல்ல வண்டி என்று எண்ணிவிட வேண்டாம். நின்றே கிடந்த வண்டியில் பேட்டரி, டயர், ரப்பர் எல்லாம் கெடும். ஒழுங்காக ஓடி, 10,000 கி.மீ. அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய 80,000 கி.மீ. வண்டியே மேல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

இது உதாரணக் கணக்கு; தொகை ஊருக்கு ஊர் மாறும். கேட்கும் விலை ரூ.3,00,000. வாங்கியவுடன் டயர் நான்கு 16,000, பேட்டரி 5,000, கிளச் 9,000, ஆயில் மற்றும் பிரேக் வேலை 6,000, காப்பீடும் பெயர் மாற்றமும் 9,000. ஆக அடக்கவிலை ரூ.3,45,000. நான்கு ஆண்டு கழித்து ரூ.1,80,000க்கு விற்றால் நட்டம் 1,65,000, ஆண்டுக்கு 41,250. ஆண்டுதோறும் காப்பீடு, பராமரிப்பு 25,000. தினம் 40 கி.மீ. வீதம் 300 நாளைக்கு 12,000 கி.மீ.; லிட்டருக்கு 15 கி.மீ., பெட்ரோல் ரூ.100 என்று கொண்டால் 80,000. மொத்தம் ரூ.1,46,250. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ரூ.12 அடங்குகிறது.

அதே வண்டியை ஆண்டுக்கு 4,000 கி.மீ. மட்டும் ஓட்டினால் பெட்ரோல் குறையும். தேய்மானமும் காப்பீடும் குறையா. அப்போது கிலோமீட்டருக்கு ரூ.23 ஆகிவிடும். அந்த நிலையில் வாடகை வண்டியே லாபமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யவும்.

பேரம் பேசும்போது இன்னொரு விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல், 1,200 சி.சி.க்கும் 4 மீட்டர் நீளத்துக்கும் மேற்படாத புதிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். அதற்கு முன் 28 சதவீதமும் அதன்மேல் இழப்பீட்டு வரியும் இருந்தது. புது வண்டியின் விலை இறங்கியிருக்கும்போது, பழைய வண்டிக்குப் பழைய மதிப்பையே கேட்பது நியாயமில்லை. புது வண்டியின் இன்றைய விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடைப் பெயரில் வாங்குவோர் கவனத்துக்கு: இத்தகைய பயணக் கார்களுக்குப் பொதுவாக உள்ளீட்டு வரி வரவு கிடையாது. தேய்மானம் எழுதிய காரை ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் பிறகு விற்றால், விற்ற விலை கணக்கேட்டு மதிப்பைவிடக் கூடுதலாக இருக்கும் தொகைக்கு 18 சதவீத வரி உண்டு. கணக்கரைக் கலந்துகொண்டு, யார் பெயரில் வாங்குவது என்று முன்கூட்டியே தீர்மானிக்கவும்.

காகிதம் சரியாக இருக்கட்டும்

ஆர்.சி.யிலுள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு நீங்களே ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35ம் நிதி நிறுவனத்தின் கடிதமும் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம். நிலுவையிலுள்ள போலீஸ் அபராதங்களைப் பரிவாகன் தளத்தில் பார்க்கலாம். வேறு மாநில வண்டியானால் தடையில்லாச் சான்று அவசியம். இங்கு கட்ட வேண்டிய வரியையும் விசாரித்துக்கொள்ளவும்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு வரைதான். பிறகு சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 13, 14 ஆண்டு வண்டி மலிவாகக் கிடைப்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

வியாபாரியிடம் வாங்கினால், 2023 ஏப்ரல் முதல் அவர் பதிவு அதிகாரியின் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. அதைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் தம் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். பழையவர் பெற்றுவந்த போனஸ் கழிவு அவருக்கே உரியது, வண்டியோடு வராது.

பழைய காரை விற்கும் நம் உறுப்பினர்களும் இதைக் கவனிக்க வேண்டும். வண்டி பலர் கைமாறிப் போயிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்றும், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்றும் உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. பணம் வந்துவிட்டது என்று இருந்துவிடாமல், பெயர் மாறிய ஆர்.சி. நகலைக் கேட்டு வாங்கி வைப்பது விற்றவரின் கடமை.

நல்ல வண்டி ஒன்று கைநழுவிப் போனால் அடுத்த வாரம் இன்னொன்று வரும். கெட்ட வண்டியில் போட்ட முதல் கடைச் சரக்கிலிருந்து எடுத்த முதல். அது லேசில் திரும்பாது. ஆகவே அவசரப்படுத்தும் விற்பனையாளரிடமிருந்து விலகி நின்று, மூட்டையை நடுவில் குத்திப் பார்த்து வாங்குங்கள்.