பட்டறையைப் பூட்டலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து சென்னைக்கு ஜி.என்.டி. சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறைக்காரரைத் தொழில் மாநாட்டுக்கு அழைத்தால், "நாலு நாள் பூட்டினால் வரும்படி என்னாவது?" என்பார். அவர் கணக்கு பொய்யன்று. ஆனால் பாதிக் கணக்கே என்பேன்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த கனரக டீசல் லாரிகளில் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்க, 32.5 விழுக்காடு யூரியாக் கரைசல் புகைப் பாதையில் பீய்ச்சப்படுகிறது. கரைசலில் கலப்படம் இருந்தால் சென்சார் கண்டுகொள்ளும். வண்டியின் கணினி இழுவையைக் குறைத்துவிடும். இதை அறியாதவர் எஞ்சினைப் பிரிப்பார். அறிந்தவர் முதலில் யூரியாத் தொட்டியைப் பார்ப்பார். காதால் கேட்டே பழுதறியும் கைத்திறன் உயர்ந்ததுதான். இங்கே அது மட்டும் போதாது.

புதுடில்லியில் 2013-இல் தொடங்கிய ஆக்மா ஆட்டோமெக்கானிகா போன்ற கண்காட்சிகளில், உதிரிபாகம் செய்வோரிடமே நேரில் ஐயம் கேட்கலாம். ஸ்கேனர் கருவிகளை இயக்கிப் பார்த்து விலையை ஒப்பிடலாம்.

டில்லி தொலைவுதான். ஒரே சாலையிலுள்ள பட்டறைக்காரர்கள் செலவைப் பகிர்ந்து, முறை வைத்து ஒருவரை அனுப்பலாமே! பூட்டுவது ஒரு பட்டறை. கற்பது பல பட்டறைகள்.