கடைசி என்று ஓட்டுப் போட்டார்கள், கோப்பையைத் தூக்கிவிட்டது!

அமெரிக்க காலேஜ் புட்பால் "ஜோசியம்" தலைகீழ்: ஓட்டெடுப்பே ரத்து

மொத்தம் 16 அணிகள். அதில் இந்த அணிக்குக் கொடுத்த இடம் 16. "இது தேறாது" என்று நிருபர்கள் ஓட்டுப் போட்டு ஒதுக்கிய அந்த அணி, 5 மாதம் கழித்து சாம்பியன் பட்டத்தைத் தட்டிச் சென்றது. "முதல் இடம் இதற்குத்தான்" என்று சொல்லப்பட்ட அணியோ வரிசையாக 7 ஆட்டங்களில் தோற்று மண்ணைக் கவ்வியது.

இந்த விநோதம் 2024-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது. அதன் விவரம் வருமாறு:-

முட்டைப் பந்து

அமெரிக்காவில் "புட்பால்" என்றால் நம் ஊரில் காலால் உதைத்து விளையாடும் பந்து அல்ல. இரண்டு முனையும் கூராக, முட்டை போல இருக்கும் பந்து அது. பக்கத்துக்கு 11 பேர். தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, குறுக்கே வருகிறவர்களை முட்டித் தள்ளி, எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டினால் "டச் டவுன்", 6 புள்ளி.

10 கெஜம் முன்னேற 4 வாய்ப்பு. அதற்குள் முன்னேறாவிட்டால் பந்து எதிரி கைக்குப் போய்விடும். பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவருக்கு "குவார்ட்டர் பேக்" என்று பெயர். அவர் படுத்தால் அணியே படுத்துவிடும்.

காலேஜ் பையன்கள் ஆட்டம்தானே என்று சாதாரணமாக நினைத்துவிட முடியாது. அங்கே லட்சம் பேர் உட்காரும் ஸ்டேடியங்கள் இருக்கின்றன. காலேஜ்கள் சேர்ந்து "கான்பரன்ஸ்" என்று கூட்டணி வைத்துக்கொள்கின்றன. அதில் ஒன்று "பிக்-12". பெயரில்தான் 12. 2024-ம் ஆண்டு அதில் இருந்தது 16 அணிகள். டெலிவிஷனில் காட்டுவதற்கு இந்த ஒரு கூட்டணிக்கு மட்டும் 6 ஆண்டுக்கு 228 கோடி டாலர் ஒப்பந்தம்!

ஓட்டு நடப்பது எப்படி?

ஆட்டம் தொடங்குவது ஆகஸ்டு கடைசியில். ஆனால் ஜூலை மாதமே நிருபர்கள் ஓட்டுப் போட்டுவிடுவார்கள். எந்த அணி முதலில் வரும், எது கடைசியில் போகும் என்று ஒவ்வொருவரும் வரிசைப்படுத்திக் கொடுப்பார்கள். மேலே வைத்த அணிக்கு அதிகப் புள்ளி, கீழே வைத்த அணிக்குக் குறைந்த புள்ளி. எல்லாவற்றையும் கூட்டி ஒரு பட்டியல் வெளியாகும்.

2024-ம் ஆண்டு வெளியான பட்டியலில் முதல் 5 இடங்கள் இவை:-

1. யூட்டா
2. கான்சாஸ் ஸ்டேட்
3. ஓக்லஹோமா ஸ்டேட்
4. கான்சாஸ்
5. அரிசோனா

அடி மட்டத்தில், 16-வது இடத்தில் இருந்தது அரிசோனா ஸ்டேட்.

நிருபர்கள் குருட்டாம்போக்கில் ஓட்டுப் போட்டதாகச் சொல்ல முடியாது. 2023-ம் ஆண்டு அரிசோனா ஸ்டேட் ஆடியது 12 ஆட்டம், ஜெயித்தது 3. கொரோனா காலத்தில், பழைய கோச் இருந்தபோது, விதியை மீறி மாணவர்களை இழுத்ததாகப் புகார். அதனால் 2023-ம் ஆண்டு சீசன் கடைசியில் நடக்கும் பெரிய ஆட்டங்களில் கலந்துகொள்வதில்லை என்று பல்கலைக்கழகம் தனக்குத்தானே தண்டனை விதித்துக்கொண்டது. அந்த சீசன் தொடங்கும் முன்பே கதவை மூடியாகிவிட்டது.

புதிய கோச் கென்னி டில்லிங்ஹாமுக்கு 2024-ல் வயது 34. அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். இதற்கு முன் எங்கும் தலைமைக் கோச்சாக இருந்தவர் இல்லை. இத்தனையும் சேர்ந்துதான் கடைசி இடம்.

ஆள் மாறிப் போச்சு!

கணக்கு தப்பியது எங்கே?

முன்பெல்லாம் ஒரு காலேஜில் இருந்து இன்னொரு காலேஜுக்கு மாறினால், பையன் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும். காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 2021-ம் ஆண்டு அதைத் தளர்த்தியது. 2024-ல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று ஆக்கிவிட்டது. 2021 ஜூலையில் இருந்து விளம்பரத்தில் பணம் வாங்கவும் வழி பிறந்தது.

ஆகவே, போன வருஷம் தோற்ற அணியும் இந்த வருஷம் ஆடப் போகிற அணியும் பெயரில்தான் ஒன்று. ஆட்கள் வேறு. அரிசோனா ஸ்டேட்டுக்கு மிச்சிகன் ஸ்டேட்டில் இருந்து சாம் லெவிட் என்ற இளம் குவார்ட்டர் பேக் வந்து சேர்ந்தார். ஏற்கெனவே கேம் ஸ்கட்டபோ என்ற முரட்டு ஓட்டக்காரர் அங்கே இருந்தார். அவரும் சாக்ரமெண்டோ ஸ்டேட் என்ற சின்ன அணியில் இருந்து 2023-ல் வந்தவர்தான்.

ஓட்டுப் போட்டவர்கள் பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார்கள். புதுக் கணக்கு திறந்திருந்தது அதில் இல்லை!

இன்னொரு சங்கதியும் உண்டு. 16 அணி இருந்தாலும், கூட்டணிக்குள் ஒரு அணி ஆடுவது 9 ஆட்டம்தான். யாருக்கு யார் எதிரி என்பதிலேயே பாதி அதிர்ஷ்டம் அடங்கிவிடுகிறது. 9 ஆட்டத்தில் 2 ஆட்டம் கை நழுவினால் போதும், வரிசையே புரண்டுவிடும்.

முதலும் கடைசியும் மோதல்

2024 அக்டோபர் 11-ந் தேதி வெள்ளிக்கிழமை இரவு. அரிசோனா மாநிலம் டெம்பி நகரில், பட்டியலின் முதல் அணியும் கடைசி அணியும் நேருக்கு நேர் மோதின.

யூட்டா முதல் 4 ஆட்டங்களையும் ஜெயித்துத்தான் சீசனைத் தொடங்கியது. ஆனால் அதன் குவார்ட்டர் பேக் கேம் ரைசிங்குக்கு செப்டம்பரிலேயே விரலில் காயம். 3 ஆட்டம் உட்கார்ந்திருந்துவிட்டு, அன்றைக்குத்தான் திரும்பி வந்தார். அந்த ஆட்டத்திலேயே காலிலும் அடி. அதற்கு மேல் அந்த சீசனில் அவர் களம் இறங்கவில்லை.

முடிவு: அரிசோனா ஸ்டேட் 27, யூட்டா 19.

அங்கே இருந்து யூட்டாவுக்கு இறங்குமுகம். 15-வது இடம் கொடுக்கப்பட்ட ஹூஸ்டனிடமும் தோற்றது. சீசன் முடிவில் 5 வெற்றி, 7 தோல்வி. கூட்டணி ஆட்டம் 9-ல் ஜெயித்தது 2 மட்டும்.

அரிசோனா ஸ்டேட்டும் சும்மா நடந்து போய்விடவில்லை. டெக்சாஸ் டெக்கிடம் ஒரு தோல்வி, சின்சினாட்டியிடம் ஒரு தோல்வி. அதற்குப் பிறகு கூட்டணிக்குள் அதைத் தடுக்க ஆள் இல்லை.

ஒரு வினாடிக்காக ரகளை

நவம்பர் 23-ந் தேதி டெம்பியில் பிரிகாம் யங் அணியோடு ஆட்டம். அரிசோனா ஸ்டேட் 28-23 என்று முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் மைதானத்துக்குள் குதித்தார்கள். கோல் கம்பம் வரை கூட்டம்!

அப்போது நடுவர்கள், "இன்னும் ஒரு வினாடி பாக்கி" என்று அறிவித்தார்கள். அத்தனை பேரையும் வெளியேற்றி மைதானத்தைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பிறகு பிரிகாம் யங் அணி கடைசியாக நீளமாகப் பந்தை வீசியது. அதன் ஆள் பந்தைப் பிடித்தும்விட்டார்! ஸ்டேடியமே மூச்சை அடக்கியது. ஆனால் எல்லைக்கோட்டைத் தொடவிடாமல் மடக்கிப் போட்டார்கள். தப்பித்தது அரிசோனா ஸ்டேட்.

கடைசிக் கணக்கில் 4 அணிகள் 7 வெற்றி, 2 தோல்வி என்று சமமாக நின்றன. அவற்றுக்கு நிருபர்கள் கொடுத்திருந்த இடங்களைப் பாருங்கள்:-

அயோவா ஸ்டேட்: 6-வது இடம்
கொலராடோ: 11-வது இடம்
பிரிகாம் யங்: 13-வது இடம்
அரிசோனா ஸ்டேட்: 16-வது இடம்

முதல் 5 இடம் பெற்ற அணிகளில் ஒன்றுகூட இதில் இல்லை!

டிசம்பர் 7-ந் தேதி டெக்சாஸ் மாநிலம் ஆர்லிங்டனில் இறுதி ஆட்டம். அரிசோனா ஸ்டேட் 45, அயோவா ஸ்டேட் 19. ஸ்கட்டபோ தனியாக 170 கெஜம் ஓடி, 3 டச் டவுன் போட்டார். கூட்டணியில் சேர்ந்த முதல் வருஷமே கோப்பை.

தேசிய சாம்பியனுக்கான 12 அணிப் போட்டியிலும் இடம் கிடைத்தது. 2025 ஜனவரி 1-ந் தேதி அட்லாண்டாவில் டெக்சாசோடு கால் இறுதி. 8-24 என்று பின்தங்கிக் கிடந்த அரிசோனா ஸ்டேட், கடைசிக் கட்டத்தில் 24-24 என்று சமன் செய்து எல்லோரையும் எழுந்து நிற்கவைத்தது. கூடுதல் நேரத்தில் ஒரு கட்டத்தில் டெக்சாசுக்குப் பாக்கி இருந்தது ஒரே வாய்ப்பு. போக வேண்டியது 13 கெஜம். அதில் டச் டவுன் போட்டு டெக்சாஸ் உயிர் பிழைத்தது. இரண்டாவது கூடுதல் நேரத்தில் 39-31 என்று ஜெயித்தது. தோற்றாலும் தலை நிமிர்ந்துதான் திரும்பியது அரிசோனா ஸ்டேட்.

வேலைக்கே உலை

"ஜோசியம் தப்பினால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். மேலே தூக்கி வைத்தால் எதிர்பார்ப்பு ஏறும். ஏறிய எதிர்பார்ப்பு சரிந்தால், முதலில் உருளுவது கோச்சின் தலை.

3-வது இடம் கொடுக்கப்பட்ட ஓக்லஹோமா ஸ்டேட் கதையைக் கேளுங்கள். 2024-ல் கூட்டணி ஆட்டம் 9-லும் தோல்வி. ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. 2005-ம் ஆண்டு முதல் அங்கே கோச்சாக இருந்த மைக் கண்டிக்கு அந்த டிசம்பரில் சம்பளம் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் வேலையும் போச்சு! மூன்றே ஆட்டம் முடிந்த நிலையில் சீட்டு கிழிந்தது.

கீழே தள்ளப்பட்ட அணிக்கும் பாதிப்பு உண்டு. நல்ல பையன்கள் "கடைசி அணிக்கு ஏன் போக வேண்டும்?" என்று யோசிப்பார்கள். டிக்கெட் வாங்குகிறவரும் தயங்குவார்.

பந்தயக்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. 2018-ம் ஆண்டு அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்குப் பிறகு 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி நடக்கிறது. ஜூலை மாதத்துப் பட்டியலை நம்பிப் பணம் கட்டியவன் டிசம்பரில் பாக்கெட்டைத் தடவ வேண்டியதுதான்.

ஊருக்கு ஊர் இதே கதை

இது பிக்-12 கூட்டணிக்கு மட்டும் வந்த சங்கடம் இல்லை. தெற்கு மாநிலங்களின் எஸ்.இ.சி. கூட்டணியில் 1992 முதல் இப்படி ஓட்டெடுப்பு நடக்கிறது. 2025 வரை 34 முறை ஓட்டுப் போட்டதில், முதல் இடம் கொடுத்த அணியே சாம்பியன் ஆனது 10 முறைதான். 2025-ல் டெக்சாஸ் என்றார்கள், ஜெயித்தது ஜார்ஜியா.

அதே கூட்டணி அப்போது கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவாக இருந்தது. 2013-ம் ஆண்டு மேற்கில் ஆபர்னுக்கு 5-வது இடம், கிழக்கில் மிசௌரிக்கு 6-வது இடம் என்று எழுதினார்கள். கடைசியில் அந்த இரண்டும்தான் இறுதி ஆட்டத்தில் மோதின! 59-42 என்று ஆபர்ன் ஜெயித்தது.

2022-ல் டெக்சாஸ் கிறிஸ்டியன் அணிக்கு பிக்-12 கூட்டணியில் 7-வது இடம் கொடுத்தார்கள். அது தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. 2024-ல் பிக்-டென் கூட்டணி பற்றி நிருபர்கள் எடுத்த ஓட்டில் 18 அணிகளில் இண்டியானாவுக்கு 17-வது இடம். அது வழக்கமான 12 ஆட்டத்தில் 11-ஐ ஜெயித்தது.

பெட்டி மூடியாச்சு

2025-ம் ஆண்டு ஜூலை வந்தது. பிக்-12 கூட்டணியின் பட்டியல் வரவில்லை. இனி நிருபர்கள் ஓட்டு கிடையாது என்று கூட்டணி நிர்வாகம் அறிவித்துவிட்டது.

அதனால் ஜோசியம் நின்றுவிட்டதா? இல்லை. ஏ.பி. செய்தி நிறுவனம் 1936-ம் ஆண்டு முதல் நாடு முழுவதற்கும் பட்டியல் போடுகிறது. 2025 சீசன் தொடங்கும் முன் அது வெளியிட்ட பட்டியலில் பிக்-12 அணிகளில் முன்னால் நின்றது யார் தெரியுமா? அரிசோனா ஸ்டேட்! தேசிய அளவில் 11-வது இடம். கடைசி பெஞ்சில் உட்காரவைத்த பையனை இப்போது முதல் பெஞ்சுக்கு அழைத்தார்கள்.

அதுவும் பலிக்கவில்லை. 2025 டிசம்பர் 6-ந் தேதி நடந்த இறுதி ஆட்டத்துக்கே அரிசோனா ஸ்டேட் வரவில்லை. அன்று பிரிகாம் யங்கை 34-7 என்று தோற்கடித்து டெக்சாஸ் டெக் கோப்பையைத் தட்டிச் சென்றது.

2024 பட்டியலில் டெக்சாஸ் டெக்குக்குக் கொடுத்த இடம்: 9.