பதறாத காரியம் சிதறாது

உலகத்தில் நடைபெறும் பந்தயங்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். ஓடுதல், நீந்துதல், மல்லுக்கு நிற்றல் முதலியவை ஒரு வகை. இவற்றில் உடம்பிலுள்ள வலிமை முழுவதையும் செலவிட்டவனே வெற்றி பெறுகிறான். குறி பார்த்தல், சதுரங்கம் ஆடுதல் முதலியவை மற்றொரு வகை. இவற்றிலோ மூச்சையும் மனத்தையும் அடக்கி அமைதியாய் இருப்பவனுக்கே வெற்றி. ஒரு வகையில் தேர்ந்தவன் மற்றதில் தேர்வது அரிது. இவ்விரண்டையும் ஒரே மனிதன், ஒரே பந்தயத்தில், மாற்றி மாற்றிச் செய்து காட்ட வேண்டுமென்று விதித்தால் எப்படியிருக்கும்? அத்தகைய விசித்திரமான பந்தயம் ஒன்று ஐரோப்பாவின் பனி மலைகளில் ஆண்டுதோறும் நடைபெற்று வருகிறது. 'பயத்லான்' என்று அதற்குப் பெயர். 'இரட்டைப் போட்டி' என்று நாம் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்ளலாம்.

வில் வித்தைப் பரீட்சையில் அருச்சுனனுக்கு மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, பறவை மாத்திரமே தெரிந்தது என்று நம் வீட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். ஆனால் துரோணாசாரியார் அவனை ஓரிடத்தில் நிறுத்தி வைத்தல்லவா பரீட்சித்தார்! மலை ஏறி இறங்கி மூச்சு இரைக்க ஓடி வந்த மறுகணத்தில் அம்பு விடும்படி சொல்லவில்லை. பயத்லான் வீரர்களுக்கு அமைந்த பரீட்சையோ அதுதான்.

விதிகள்

பனி படர்ந்த காட்டுப் பாதையில், 'ஸ்கீ' எனப்படும் நீண்ட மெல்லிய சறுக்குப் பலகைகளைக் கால்களில் பூட்டிக்கொண்டு, இரு கைகளிலும் ஊன்றுகோல்களைப் பிடித்து வீரர்கள் விரைகிறார்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு துப்பாக்கி தொங்குகிறது. அதன் எடை மூன்றரைக் கிலோவுக்குக் குறையலாகாது என்பது விதி. சில கிலோமீட்டர் சுற்றி வந்ததும் சுடும் களத்துக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே 50 மீட்டர் தூரத்தில் ஐந்து கரிய வட்டங்கள் வரிசையாக இருக்கும். ஒரு முறை தரையில் படுத்துக்கொண்டும், அடுத்த முறை நின்றுகொண்டும் சுட வேண்டும். படுத்துச் சுடும்போது குறியின் குறுக்களவு 45 மில்லிமீட்டர். ஓர் எலுமிச்சம்பழத்தின் அளவுதான். நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். அதாவது ஏறக்குறைய அரைச் சாண். தூரத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி எதுவும் துப்பாக்கியில் பொருத்தக் கூடாது. குண்டு சரியாகப் பாய்ந்தால் கரிய வட்டம் வெண்மையாக மாறும். தவறினால் கருமையாகவே நின்று, சுட்டவரைப் பார்த்துப் பரிகாசம் செய்யும்.

தவறுக்குத் தண்டனை உண்டு. தனி நபர் நீண்ட பந்தயத்தில் ஆண்கள் 20 கிலோமீட்டரும் பெண்கள் 15 கிலோமீட்டரும் சறுக்கி, நான்கு முறை சுடுகிறார்கள். அதில் தவறிய ஒவ்வொரு குறிக்கும் ஒரு முழு நிமிஷம் அவர்கள் கணக்கில் ஏற்றப்படுகிறது. மற்றப் பந்தயங்களில், தவறுக்கு ஒரு முறை வீதம் 150 மீட்டர் நீளமுள்ள தண்டனை வட்டத்தைச் சுற்றி வந்த பிறகே பாதைக்குத் திரும்பலாம். கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கையில், போட்டியாளர்கள் தம்மைக் கடந்து செல்ல, செக்கு மாடு போல் அந்த வட்டத்தைச் சுற்றும் வீரரின் மன வேதனையைச் சொல்ல வேண்டியதில்லை.

இதயத்தோடு ஒரு வழக்கு

இப் பந்தயத்தின் சூட்சுமம் எங்கே இருக்கிறது? மேட்டில் ஏறிச் சறுக்கும்போது வீரருடைய இதயம் நிமிஷத்துக்கு 170, 180 தடவை அடித்துக்கொள்கிறது. அத்தனை வேகத்தோடு களத்தில் வந்து நின்றால், ஒவ்வொரு துடிப்புக்கும் துப்பாக்கியின் முனை ஆடும். முனையில் மயிரிழை ஆட்டம், 50 மீட்டருக்கு அப்பால் பெரிய ஆட்டமாகிவிடுகிறது. இதயம் தணியும் வரை காத்திருக்கலாமென்றால், காத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் பந்தயத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. ஆகையால் தேர்ந்த வீரர்கள் களத்தை நெருங்கும்போது வேகத்தைச் சிறிதே தளர்த்துகிறார்கள். பிறகு இரண்டொரு முறை ஆழ்ந்து மூச்சு விட்டு, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே உள்ள அமைதியில் விசையை அழுத்துகிறார்கள். துப்பாக்கியை இறக்கி, ஐந்து குண்டுகளையும் சுட்டு, மீண்டும் முதுகில் மாட்டிப் புறப்படுவதற்கு அவர்களுக்கு அரை நிமிஷம் போதும்!

காற்றும் ஒரு எதிரி. களத்தில் நடப்பட்டிருக்கும் சிறு கொடிகள் படபடப்பதைப் பார்த்து, குண்டு எவ்வளவு விலகும் என்று கணித்து, குறி பார்க்கும் கருவியைத் திருகிக்கொள்ள வேண்டும். படுத்துச் சுடும் வேளையில் இல்லாத காற்று, நின்று சுடும் வேளையில் எங்கிருந்தோ வந்து சேரும். எல்லாவற்றிலும் கொடிய எதிரி மனந்தான். நான்கு குறிகள் விழுந்துவிட்டன. இன்னும் ஒன்று விழுந்தால் தங்கப் பதக்கம் என்ற எண்ணம் தோன்றிய கணத்திலேயே விரல் நடுங்கத் தொடங்குகிறது. பதக்கத்தை மறந்தவருக்கே பதக்கம் கிடைக்கிறது.

2022-ம் வருஷம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்களின் அஞ்சல் பந்தயத்தைப் பார்த்தவர்கள் இதை மறக்க மாட்டார்கள். நால்வர் அடங்கிய ரஷ்யக் குழு முன்னணியில் இருந்தது. கடைசி வீரர் லாடிபோவ் கடைசி முறையாக நின்று சுடும் களத்துக்கு முதலாவதாக வந்தார். குறிகள் விழ மறுத்தன. அவர் தண்டனை வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கையில் நார்வே வீரர் முந்திச் சென்று தங்கம் பெற்றார். பிரான்ஸ் இரண்டாவதாக வந்தது. ரஷ்யருக்குக் கிடைத்தது வெண்கலம். பல கிலோமீட்டர் பாடுபட்டுச் சம்பாதித்த முன்னிலை சில விநாடிகளில் கரைந்து போயிற்று.

போர்க்களத்திலிருந்து விளையாட்டுக் களத்துக்கு

இந்த விளையாட்டு பிறந்தது படை வீட்டில். 1767-ம் ஆண்டிலேயே நார்வே, ஸ்வீடன் தேசங்களின் எல்லைக் காவற் படையினர் சறுக்கிச் சென்று சுடும் போட்டி நடத்தியதாகச் சரித்திரம் கூறுகிறது. 1924-ல் ஷாமோனி நகரத்தில் நடந்த முதலாவது குளிர்கால ஒலிம்பிக்கில் 'ராணுவ ரோந்து' என்ற பெயரில் படை வீரர்களின் பந்தயம் ஒன்று இடம் பெற்றது. ஸ்விட்ஸர்லாந்து அதில் வென்றது. இன்றைய முறையில் அமைந்த முதல் உலகப் போட்டி 1958-ல் ஆஸ்திரியாவிலுள்ள ஸால்பெல்டனில் நடைபெற்றது. ஸ்வீடன் தேசத்து அடால்ப் விக்லண்ட் முதல் உலக வீரரானார்.

1960-ல் ஒலிம்பிக்கில் இது சேர்ந்தபோது நடந்த சம்பவம், இந்த விளையாட்டின் தத்துவத்தையே விளக்கிவிட்டது. அப்போது தவறிய ஒரு குறிக்கு இரண்டு நிமிஷம் தண்டனை. ஸ்வீடனைச் சேர்ந்த கிளாஸ் லெஸ்டாண்டர் சறுக்கும் வேகத்தில் பதினைந்தாவதாகத்தான் இருந்தார். ஆனால் இருபது குறிகளில் ஒன்றைக்கூட அவர் தவற விடவில்லை. தங்கப் பதக்கம் அவருக்கே கிடைத்தது. பதினான்கு பேர் அவரைவிட வேகமாக ஓடியும் அவருக்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று!

ஆதியில் போர்த் துப்பாக்கிகளையே பயன்படுத்தினார்கள். 1978 முதல் சிறு ரவைத் துப்பாக்கி வந்தது. பெண்களுக்கென்று உலகப் போட்டி ஏற்பட்டது 1984-ல். ஒலிம்பிக்கில் அவர்களுக்கு இடம் கிடைத்தது 1992-ல்தான். தாமதமாய் வந்தாலும் அவர்கள் ஆண்களுக்குச் சிறிதும் இளைத்தவர்கள் அல்ல என்பதைக் காட்டிவிட்டார்கள். 2020-ல் இத்தாலியின் அண்டர்செல்வாவில் நடந்த உலகப் போட்டியில், நார்வேப் பெண்மணி மார்ட்டே ஓல்ஸ்பு ரோய்ஸ்லாண்ட் தாம் கலந்துகொண்ட ஏழு பந்தயங்களிலும் பதக்கம் பெற்றார். அவற்றில் ஐந்து தங்கம்!

வீரர் வரிசை

நார்வேயின் ஜனத்தொகை சுமார் 55 லட்சந்தான். ஆயினும் இந்த விளையாட்டில் அந்தச் சிறு தேசம் பேரரசு செலுத்துகிறது. ஓலே ஐனார் பியோர்ண்டாலன் 2002-ல் ஸால்ட் லேக் ஸிட்டி ஒலிம்பிக்கில் நான்கு பந்தயங்களிலும் தங்கம் வென்றார். பன்னிரண்டு வருஷங்களுக்குப் பிறகு, நாற்பது வயதில், ஸோச்சியில் மீண்டும் ஒரு பந்தயத்தில் இளைஞர்களையெல்லாம் தோற்கடித்தார். அவர் பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் மொத்தம் பதின்மூன்று. அவருக்குப் பின் வந்தவர் யொஹான்னஸ் திங்னெஸ் போ. 2023-ல் ஜெர்மனியின் ஓபர்ஹோப் நகரில் அவர் ஏழு பந்தயங்களில் இறங்கி ஏழிலும் பதக்கம் பெற்றார். ஐந்து தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். உலகப் போட்டிகளில் இருபத்து மூன்று தங்கப் பதக்கங்களைச் சேர்த்துக்கொண்டு, 2025-ல் தமையனார் தார்யெயுடன் சேர்ந்து களத்திலிருந்து விலகினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான். குடும்பத்தோடு காலம் கழிக்க விரும்புவதாக அவர் காரணம் சொன்னார்.

பிரான்ஸ் தேசத்து மார்ட்டின் பூர்காட் 2012 முதல் 2018 வரை ஏழு வருஷம் இடைவிடாமல் உலகக் கோப்பையின் முதல் ஸ்தானத்தை விட்டுக் கொடுக்கவில்லை. 2014 ஒலிம்பிக்கில், எல்லோரும் ஒருங்கே புறப்படும் பந்தயத்தில், எல்லைக் கோட்டில் எடுத்த புகைப்படத்தைப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டியிருந்தது. தங்கம் நார்வேயின் ஸ்வென்ட்ஸனுக்குப் போயிற்று. 2018-ல் அதே பந்தயத்தில் அதே நிலைமை ஏற்பட்டது. இம்முறை புகைப்படம் அவர் பக்கம் சாட்சி சொல்லிற்று; ஜெர்மானியரான ஷெம்ப் இரண்டாவதானார். நான்கு வருஷத்துக்கு முந்தைய கடன் இவ்வாறு தீர்ந்தது.

விதி எல்லோருக்கும் இப்படிக் கணக்குத் தீர்ப்பதில்லை. ஸ்வீடன் வீராங்கனை மக்டலேனா போர்ஸ்பெர்க் 1997 முதல் 2002 வரை ஆறு வருஷம் தொடர்ந்து உலகக் கோப்பையை வென்றவர். உலகப் போட்டிகளிலும் தங்கம் பெற்றவர். ஆனால் ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தவை இரண்டு வெண்கலப் பதக்கங்கள் மட்டுமே. தங்கம் இல்லாததால் அவருடைய பெருமை குறைந்ததாக ஸ்வீடன் ஜனங்கள் கருதவில்லை. ஒரு நாளில் முதல்வராவது ஒரு சிறப்பு. ஆறு வருஷம் முதல்வராய் இருப்பது வேறொரு சிறப்பு அல்லவா?

இரண்டு மௌனங்கள்

பதக்கக் கணக்கில் அடங்காத இரண்டு சம்பவங்களையும் நேயர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

2014 பிப்ரவரி மாதத்தில், ஸோச்சியில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, உக்ரேன் தலைநகரான கீவின் வீதிகளில் ஜனங்கள் சுடப்பட்டு மாண்டனர். அந்தச் செய்தி வந்த மறுநாள், பிப்ரவரி 21-ந் தேதி, உக்ரேனியப் பெண்கள் நால்வர் அஞ்சல் பந்தயத்துக்குப் புறப்பட்டார்கள். அவர்களில் வீத்தா, வால்யா ஸெமெரென்கோ என்னும் இரட்டைச் சகோதரிகளும் இருந்தனர். தாய் நாட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்நிய மண்ணில் துப்பாக்கியை ஏந்தி, கை நடுங்காமல் குறி பார்ப்பதென்றால் இலேசான காரியமா? அவர்கள் வென்றார்கள். 1994-க்குப் பிறகு அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் குளிர்கால ஒலிம்பிக் தங்கம் அது. வெற்றிக்குப் பின் இறந்தவர்களுக்காக மௌனம் அனுஷ்டித்தார்கள். எட்டு வருஷங்கள் கழித்து அதே தேசத்தைப் பெரும் போர் சூழ்ந்தது. சறுக்குக் களத்தில் பழகிய இளைஞர்களும் போர்க்களம் சென்றார்கள். சர்வதேச பயத்லான் சங்கம் 2022-ல் ரஷ்யாவையும் பெலாரஸையும் போட்டிகளிலிருந்து விலக்கியது. படை வீட்டில் பிறந்த விளையாட்டைப் போர் மீண்டும் தேடி வந்துவிட்டது.

மற்றொரு சம்பவம் ஜெர்மானிய வீராங்கனை லாரா டால்மையரைப் பற்றியது. 2017-ல் ஆஸ்திரியாவின் ஹோக்பில்ட்ஸனில் நடந்த உலகப் போட்டியில் ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றபோது அவருக்கு வயது இருபத்து மூன்று. மறு வருஷம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம். உலகமே அவரிடம் இன்னும் பத்து வருஷப் பதக்கங்களை எதிர்பார்த்தது. 2019-ல், இருபத்தைந்தாவது வயதில், போதும் என்று துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டார். மலை ஏறுவதில் அவருக்கு இளமையிலிருந்தே பற்று. மலை வழிகாட்டியாகத் தேர்ச்சி பெற்றார். மலைகளில் சிக்கியவர்களை மீட்கும் தொண்டிலும் ஈடுபட்டார். 2025 ஜூலை 28-ந் தேதி, பாகிஸ்தானில் காரகோரம் மலைத் தொடரிலுள்ள லைலா சிகரத்தில், உருண்டு வந்த பாறைகள் அவரைத் தாக்கின. அவருடன் ஏறிய தோழி உதவி கோரியும், அபாயம் மிகுந்த அந்த இடத்தை அணுக முடியவில்லை. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயதுகூட நிறையவில்லை.

தமக்கு இத்தகைய முடிவு நேர்ந்தால், தம் உடலை மீட்பதற்காக வேறொருவர் உயிரைப் பணயம் வைக்கலாகாது என்று அவர் முன்னமே தெரிவித்திருந்தார். அவர் விருப்பப்படி அவர் உடல் மலையிலேயே விடப்பட்டது. பிறரை மீட்கச் சென்று பழகியவர் அல்லவா? அந்த அபாயம் எத்தகையது என்று அறிந்தே அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு விளையாட்டைக் கற்பிக்கும்போது, வேகமாக ஓடு, முந்திக்கொள் என்றே நாம் பெரும்பாலும் சொல்லிக் கொடுக்கிறோம். எந்த இடத்தில் வேகத்தை அடக்கி நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. பதறாத காரியம் சிதறாது என்று நம் பாட்டிமார் அடுப்படியில் இருந்தபடியே சொன்ன வார்த்தையை, பனி மலை வீரர்கள் துடிக்கும் நெஞ்சோடு நிறைவேற்றிக் காட்டுகிறார்கள். அதைப் பார்ப்பதற்கு அவர்கள் தேசத்துக் குடும்பங்கள் குழந்தை குட்டிகளோடு பனியில் மணிக்கணக்காக நிற்பதில் வியப்பு ஒன்றுமில்லை.