எழுதிக்கோ, பேன்!

குஜராத்தில் கட்ச் போய் இறங்கிய அன்று ஒரு கிழவி என்னை "பேன்" என்று கூப்பிட, என் கை தானாகத் தலை முக்காட்டுக்குப் போனது. குஜராத்தியில் பேன் என்றால் சகோதரி. மளிகைக்கடை அம்மாவும் பேன்தான், கலெக்டர் அம்மாவும் பேன்தான். கன்னியாஸ்திரி என்பதற்காக எனக்கென்று தனிப் பெயர் எதுவும் அங்கே இல்லை. அது பிடித்திருந்தது.

2001 ஜனவரி 26, காலை 8.46. குடியரசு நாள். கட்ச் பகுதியைப் பூகம்பம் உலுக்கியது. அஞ்சாரில் குறுகிய சந்து ஒன்றில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள்மேல் இருபக்கத்து வீடுகளும் சரிந்தன. புஜ் நகரில் அரசு மருத்துவமனையே இடிந்துவிட்டதால் ஜூபிலி மைதானத்தில் திறந்தவெளியில் சிகிச்சை நடந்தது. அரசுக் கணக்கிலேயே 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 1,60,000-க்கும் அதிகம். சேற்றில் கல்லை அடுக்கி, மேலே கனத்த கூரை ஏற்றிய வீடுகள்தான் அதிகம் கொன்றன. வட்டமாக மண்சுவர் எழுப்பி, கூம்பாகக் கூரை வேய்ந்த 'புங்கா' என்ற குடிசைகள் பல இடங்களில் அசையாமல் நின்றன.

நான் நர்ஸ். சபையிலிருந்து ஐந்து பேர் பத்தாம் நாள் போனோம். இடிபாட்டில் முதுகுத்தண்டு முறிந்தவர்களை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வைத்துவிடும். கூடாரத்தில் அலாரம் வைத்து எழுந்து புரட்டினேன். ஜபமாலை சொல்ல நேரமில்லாத இரவுகள் அவை.

நெடுஞ்சாலை ஓரமெல்லாம் பழைய துணி மலைபோலக் கிடந்தது. நாடே அனுப்பியது. கறுப்புக் கம்பளி உடுத்தும் ரபாரி சமூகப் பெண்களுக்கு நைட்டி எதற்கு? அவர்கள் கேட்டது தார்ப்பாய், கயிறு, வாளி, மாட்டுக்குத் தீவனம். பூகம்பத்துக்கு முன்பே மழை பொய்த்த பூமி அது. லாரிகள் சாலையோர ஊர்களிலேயே காலியாகிவிட, உள்கிராமங்களில் இருந்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள்.

நிவாரணம் என்றால் அரிசி மூட்டை என்று நினைத்திருந்தேன். அது முதலில் ஒரு நோட்டுப்புத்தகம். ரேஷன் கார்டு மண்ணுக்குள் கிடக்கும்போது யார் எந்தக் குடும்பம் என்று எழுதுவதுதான் வேலையே. ஒரு கிராமத்தில் ஊர்ப் பெரியவர் நீட்டிய பட்டியலை நம்பிப் போர்வை கொடுத்துவிட்டோம். மறுநாள் நடந்து பார்த்தால் ஊர்க்கோடியில் தலித் குடியிருப்பு முழுக்க விடுபட்டிருந்தது. தப்பு எங்களுடையதுதான். அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கடைசி வீட்டிலிருந்து ஆரம்பித்தோம்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. 1998 கிறிஸ்துமஸை ஒட்டித்தான் அதே மாநிலத்தின் டாங்ஸ் பகுதியில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. அடுத்த மாதம் ஒடிசாவில் மிஷனரி ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பிள்ளைகளையும் எரித்தார்கள். மதம் மாற்ற வந்தவர்களோ என்று எங்களைப் பார்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை விதிகள், உதவியைக் கொண்டு மதத்தை வளர்க்கக்கூடாது என்கின்றன. பசித்தவன் கையில் தட்டையும் துண்டுப்பிரசுரத்தையும் ஒன்றாகக் கொடுப்பது, விதி இல்லாவிட்டாலும், அசிங்கம். நாங்கள் பைபிளைப் பெட்டியைவிட்டு எடுக்கவில்லை.

அந்தக் கிழவிதான் நேராகக் கேட்டாள். "எங்ககிட்ட உங்களுக்கு என்ன வேணும் பேன்?"

"டீ" என்றேன்.

இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்த ரகாபி ஒன்று அவளிடம் இருந்தது. கப் இல்லாத சாஸர். விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. அதில் ஊற்றி நீட்டினாள். உடையாத பக்கமாகத் திருப்பி உறிஞ்சினேன். நான் குடித்து முடிக்கும்வரை என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், கிணற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அங்கே இன்னும் அஞ்சு வீடு இருக்கு. எழுதிக்கோ."