மனநோய் மருந்து: காசு எங்கே போகிறது?

சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுப்பவர்கள் கிளினிக் கொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ் ஏறுகிறார்கள். மனநோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் மட்டும் அந்தக் கொப்பி பெட்டிக்கு அடியில் ஒளிந்து கிடக்கிறது. இப்படி ஒளித்து வைப்பதால் மானம் காப்பாற்றப்படுகிறதோ இல்லையோ, காசு கரைவது நிச்சயம்.

பக்கத்து லயத்தார் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகாமல் டவுனில் டொக்டரை செனல் பண்ணுகிற குடும்பங்கள் உண்டு. டொக்டருக்கு ஒரு காசு, அந்த இடத்துக்கு ஒரு காசு, பார்மசிக்கு ஒரு காசு. முதல் மாதம் தோட்டை ஈடு வைத்துச் சமாளிப்பார்கள். அடுத்த மாதம் சீட்டுக்காசு போகும். மூன்றாம் மாதம், "இப்ப நல்லாத்தானே இருக்கிறாரு, மருந்து எதுக்கு?" என்று நிறுத்திவிடுவார்கள். சில வீடுகளில் நிறுத்த மாட்டார்கள். இரண்டு குளிசை கொடுக்க வேண்டிய இடத்தில் ஒன்று, தினமும் போட வேண்டியதை ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இழுத்துக் கொடுப்பார்கள்.

சம்பளத்தை மாதக் கடைசி வரை இழுத்துப் பழகிய நமக்கு இது சிக்கனமாகத்தான் தெரியும். ஆனால் அரை மருந்து அரைக் குணம் தருவதில்லை. நோய் உடனே திரும்புவதும் இல்லை. சில வாரமோ சில மாதமோ கழித்துத் தூக்கம் குறையும், சந்தேகம் வரும், பேச்சு மாறும். பிறகு இரவோடு இரவாக வேன் பிடிக்க வேண்டும். நோயாளிக்கும் பேர் விழாது, துணைக்கு நின்றவருக்கும் பேர் விழாது. குளிசையில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு அந்த ஒரு வாரத்திலேயே போய்விடும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மனநோய்க்கான சிகிச்சையும் மருந்தும் இலவசம். இதற்கு அங்கொடைக்குப் போக வேண்டும் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அங்கொடை ஆஸ்பத்திரி 2008 முதல் தேசிய மனநல நிறுவகமாக இயங்குகிறது. ஆனால் எல்லோரும் அங்கே போகத் தேவையில்லை. மாவட்ட பொது ஆஸ்பத்திரிகளிலும் ஆதார ஆஸ்பத்திரிகளிலும் மனநல கிளினிக் நடக்கிறது. சில சிறிய ஆஸ்பத்திரிகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல வைத்திய அதிகாரி வருகிறார். எந்த இடம், எந்தக் கிழமை என்பதைத் தோட்டத்து டொக்டரய்யாவிடமோ மிட்வைப் மிஸ்ஸியிடமோ கேட்டால் தெரியும். செனல் பண்ணிப் பார்த்தவர்களும் மாறலாம்: அந்த டொக்டரிடமே அரசாங்க கிளினிக்குக்கு ஒரு கடிதம் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே டொக்டர் பகலில் அந்த கிளினிக்கில் உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கலாம்.

மருந்து சும்மா கிடைத்தாலும் கிளினிக் நாளில் ஒரு நாள் பேர் போகிறதே என்பீர்கள். உண்மைதான், நம் ஆட்களுக்கு அதுதான் பெரிய செலவு. இதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோய் கட்டுக்குள் இருந்தால் அடுத்த கிளினிக்கைக் கொஞ்சம் தள்ளிக் கொடுக்க முடியுமா, வீட்டார் ஒருவர் கொப்பியோடு வந்து மருந்து எடுக்கலாமா என்று கேளுங்கள். குளிசை போட மறுப்பவர்களுக்கு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடுகிற ஊசியும் இருக்கிறது. அது எல்லோருக்கும் பொருந்தாது, டொக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

2022இல் நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். இப்போதும் சில சமயம், "இந்தக் குளிசை ஸ்டொக் இல்லை, வெளியே வாங்குங்க" என்று துண்டு தருவார்கள். அந்தத் துண்டோடு நேரே பார்மசிக்கு ஓடாதீர்கள். இருக்கிற மருந்துக்கு மாற்ற முடியுமா என்று முதலில் டொக்டரிடம் கேளுங்கள். வெளியே வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரைத் துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரே ஒலன்சபின், ஒரே ரிஸ்பெரிடோன், பல கம்பனிப் பெயர்களில் பல விலைகளில் விற்கிறது. இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான் பேராசிரியர் சேனக பிபிலே பாடுபட்டார். அவரை முதல் தலைவராகக் கொண்டு 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் கடைதான் ஒசுசல. டவுனில் ஒசுசல இருந்தால் அங்கே முதலில் விலை கேளுங்கள். கையில் காசு குறைவென்றால் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கலாம். ஆனால் அந்த ஒரு வாரமும் முழு அளவு போட வேண்டும். குளிசையின் நிறம் மாறியிருந்தால் பயந்து வீசிவிடாமல், அட்டையில் உள்ள மருந்துப் பெயரைத் துண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரே வேறு என்றால் திருப்பிக் கொண்டுபோய்க் கேளுங்கள்.

இனி காப்புறுதி. சம்பள நேரம் பார்த்து வருகிற ஏஜன்ட் தம்பிமார் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். பல ஆஸ்பத்திரிக் காப்புறுதிகளில் மனநோய், "இதற்குப் பணம் தரமாட்டோம்" என்ற பட்டியலில் இருக்கும். அந்தப் பக்கத்தை எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: "நோய் ஒன்னும் இல்லைன்னு போடுங்கக்கா, சரியா வரும்" என்றால் கையெழுத்து வைக்காதீர்கள். இருக்கிற நோயை மறைத்து எடுத்த பாலிசியில், பிறகு வேறு நோய்க்குக் கேட்டாலும் மறுக்க இடமுண்டு. மாதா மாதம் கட்டிய காசு வீண்.

நம்மிடம் ஏற்கனவே இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தோட்டம் நம் சம்பளத்தில் 3 வீதம் கட்டுகிறது. நம் கைக்காசு அதில் போவதில்லை. அந்த நிதியத்தில் மரணத்துக்கும் நிரந்தர இயலாமைக்கும் காப்புறுதிப் பயன் உண்டு. ஈ.பீ.எப். பணத்தை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுப்பது வழக்கம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாது என்று வைத்தியச் சான்று கிடைத்தால் அதற்கு முன்பும் கேட்கலாம். ஆனால் இதில் அவசரப்படாதீர்கள். மருந்தை ஒழுங்காக எடுத்து மலைக்குத் திரும்பியவர்கள் நிறையப் பேர். குணமாகக்கூடிய ஆளை "முடியாதவர்" என்று எழுதிக் கொடுத்து, சேமிப்பையும் கரைத்து, வேலையையும் விடுவது எந்த வீட்டுக்கும் கட்டாது. உண்மையிலேயே நீண்டகாலம் முடியாதவர்கள் என்றால் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் இயலாமைக் கொடுப்பனவு பற்றிக் கேளுங்கள். இதற்கெல்லாம் கிளினிக் கொப்பியும் டயக்னோசிஸ் கார்டும் வேண்டும். ஒளித்து வைத்த கொப்பி அடுப்புப் புகையிலும் மழை ஒழுக்கிலும் அழிந்து போயிருந்தால் எதைக் காட்டுவது? அடையாள அட்டைப் பிரதி, ஈ.பீ.எப். இலக்கம், சம்பளச் சிட்டை எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஷொப்பிங் பேக்கில் கட்டி வையுங்கள்.

இரவில் நிலைமை மோசமானால், உயிருக்கு ஆபத்து என்றால், வேனுக்குக் கடன் தேடாமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் பேச ஒரு ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.