மஞ்சள் விளக்கைக் கழற்றச் சொல்லாதீர்கள்

பேசாலையிலிருந்து பேலியகொட மீன்சந்தைக்குப் போகும் லொறி போகும்போது ஒரு வண்டி, திரும்பும்போது வேறொரு வண்டி. போகையில் மீனும் ஐஸும் பின் அச்சை றோட்டோடு அழுத்திப் பிடித்திருக்கும். திரும்புகையில் வெறும் பெட்டிகள்தான். அப்போது பிறேக்கை ஓங்கி மிதித்தால் பின் சில்லுகள் பூட்டிக்கொள்ளும், வண்டியின் பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். முன் சில்லுகள் பூட்டிக்கொண்டாலோ, ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி நேரேதான் போகும். முருங்கன் பக்கம் மாடு, மன்னார்த் தீவுக்குள் கழுதை. இரவில் எது குறுக்கே வந்தாலும் விலக்கிப் போக வழியில்லை.

சில்லுகள் இப்படிப் பூட்டிக்கொள்வதைத் தடுக்கத்தான் ஏபிஎஸ் இருக்கிறது. கராஜில் நான் சாரதிமாரோடு அதிகம் சண்டை பிடிப்பதும் இதற்காகத்தான்.

எயார் பிறேக் வண்டியில் சாரதியின் கால் ஒரு வால்வைத் திறக்கிறது, அவ்வளவுதான். தாங்கியில் ஏறக்குறைய 8 பார் அழுத்தத்தில் நிற்கும் காற்று குழாய் வழியே ஓடிச் சில்லடியிலுள்ள சேம்பரைத் தள்ளும், பிறேக் பிடிக்கும். சில்லு உருள்கிறதா, பூட்டிவிட்டதா என்று அந்தக் காற்றுக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்ல ஹப்பில் ஒரு பல்வளையம் உண்டு. பெரும்பாலும் 100 பற்கள். அதன் எதிரே பெருவிரல் பருமனில் ஒரு சென்சர், உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும். பற்கள் கடக்கக் கடக்க மின்துடிப்பு எழும். ஒரு சில்லின் துடிப்பு திடீரென்று விழுந்தால், கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தச் சில்லுக்குப் போகும் காற்றை நிறுத்தி, கொஞ்சத்தை வெளியே விட்டு, சில்லு உருளத் தொடங்கியதும் மறுபடி ஏற்றும். ஒரு செக்கனுக்குள் பல தடவை இது நடக்கும். புஸ் புஸ்ஸென்று கேட்பது அந்தக் காற்றுத்தான். அந்தச் சத்தத்துக்குப் பயந்து சிலர் காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கவே கூடாது.

பழைய சாரதிமாருக்குப் பழகிய வழி விட்டுவிட்டு மிதிப்பது. ஏபிஎஸ் இல்லாத வண்டிக்கு அது சரி. இருக்கிற வண்டியில் அப்படி மிதித்தால் பெட்டியின் வேலையும் கெடும், தாங்கியில் காற்றும் வீணாகும். அழுத்தி மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும்.

ஏபிஎஸ் மீதான பயம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவில் எயார் பிறேக் லொறிகளுக்கு 1975இல் அமலுக்கு வந்த விதி அந்நாளில் ஏபிஎஸ் இல்லாமல் நிறைவேறாத விதி. அக்கால மின்னணுக் கருவிகளை றோட்டில் நம்ப முடியவில்லை. வழக்கு நடந்தது, 1978இல் நீதிமன்றம் விதியில் ஏபிஎஸ்ஸைத் தேவையாக்கிய பகுதியைத் தள்ளிவிட்டது. ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸும் வாப்கோவும் சேர்ந்து 1981இல் லொறிகளுக்கான ஏபிஎஸ்ஸைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அமெரிக்காவில் ஏபிஎஸ் மறுபடி கட்டாயமானது 1997இல் இழுவை வண்டிகளுக்கு, 1998இல் மற்ற லொறிகளுக்கும் பஸ்களுக்கும் ட்ரெயிலர்களுக்கும். நமது றோட்டில் ஓடும் டாட்டா, லேலண்ட் வண்டிகளின் சொந்த நாடான இந்தியாவில் 2015இல் புதிய கனரக வண்டிகளுக்குக் கட்டாயமானது. இங்கே இலங்கையில் 2020இல் வண்டி இறக்குமதி நின்று 2025இல்தான் முழுதாகத் திறந்தது. அதனால் ஏபிஎஸ் உள்ளதும் இல்லாததும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. எது எதுவென்று தெரியாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு.

எங்கள் தீவில் இந்தக் கருவிக்குப் பகை உப்பு. ஐஸ் உருகி மீன் தண்ணீரோடு பெட்டியின் துளையால் வடியும். சரியாகப் பின் அச்சின் வயர் இணைப்புக்கு மேலேதான் அது சொட்டும். இணைப்பைக் கழற்றினால் செப்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. சோளகக் காற்று கொண்டுவரும் மணல் பல்வளையத்தின் இடுக்குகளில் போய் இறுகும். துடிப்பு கெட்டதும் டாஷ்போட்டில் மஞ்சள் விளக்கு எரியும். சாதாரண பிறேக் வழக்கம்போலப் பிடிப்பதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. "அண்ணே, அந்த பல்பைக் கழட்டி விடுங்க, இரவில கண்ணைக் குத்துது" என்பார்கள். என்னால் அதைச் செய்ய முடியாது.

பெரும்பாலும் பழுது சின்னது. லைனர் மாற்றும்போதோ பெயாரிங் தளரும்போதோ சென்சர் பின்னால் தள்ளப்பட்டுவிடும். சுற்றிலும் துடைத்து, பிரஷால் பற்களைத் துலக்கி, சென்சரை வளையத்தில் முட்டும்வரை கையால் தள்ளினால் போதும். சுத்தியல் வைக்கக் கூடாது. சில்லைச் சுழற்றிவிட்டால் வேண்டிய இடைவெளி தானே அமையும். பெயாரிங் ஆடினால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் விளக்கு திரும்ப எரியும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைமன்னார் றோட்டில் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிய இடங்களில் ஏபிஎஸ் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் எடுக்கலாம். பூட்டிய சில்லின் முன்னால் மணல் குவிந்து ஆப்புப்போல் தடுக்கும், உருளும் சில்லுக்கு அந்தத் தடை கிடையாது. வண்டி நேராக நிற்கும், திருப்பலாம், ஆனால் தூரம் வேண்டும். அங்கே வேகத்தை முன்னமே குறைத்துவிடுங்கள்.

பழைய லொறி வாங்கப் போகிறவர்கள் எஞ்சினைக் கேட்டுப் பார்ப்பதற்கு முன் சாவியைத் திருப்பி டாஷ்போட்டைப் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில செக்கனிலோ வண்டி சற்று நகர்ந்ததுமோ அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது பார்த்துத் தரச் சொல்லுங்கள். ஏபிஎஸ் உள்ள வண்டியென்று சொல்லியும் விளக்கு எரியவே இல்லையென்றால், காசைக் கொடுக்குமுன் பலகையைக் கழற்றி பல்பு இருக்கிறதா என்று பாருங்கள்.